பியூஸ் எடுத்தாச்சா?

கம்பம் ஊரில் அன்று காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. மாதாந்திரப் பராமரிப்பு. மாலை ஐந்து மணிக்குத்தான் வரும் என்று முந்தின நாளே அறிவித்திருந்தார்கள். ஊருக்குள் இருப்பவர்கள் இப்படிப்பட்ட நாளைச் சலித்துக்கொள்வார்கள். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அது வேலை நாள். கிணற்றுக்குள் கேபிளில் கை வைக்க வேண்டிய வேலைகள் எல்லாம் இந்த ஒரு நாளுக்காகக் காத்துக்கிடக்கும். மோட்டார் மெக்கானிக் சுருளிவேலை அன்றைக்குப் பிடிப்பது, கல்யாண மாதத்தில் சமையல்காரரைப் பிடிப்பது மாதிரி.

ஷரீப் பிடித்துவிட்டார். சுருளிப்பட்டி ரோட்டில் அவருக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். கிணற்று மோட்டார் சில நாட்களாக முக்கி முக்கி ஓடியது, இடையில் நின்றும் போனது. கேபிளில் பழைய இணைப்பு ஒன்று தண்ணீர் பட்டுப் போய்விட்டது, வெட்டிப் புதிதாக முறுக்க வேண்டும் என்று சுருளிவேல் சொல்லியிருந்தார். காய் பருக்கும் நேரம். இப்போது தண்ணீர் தவறினால் கொத்து சிறுத்துவிடும், அந்தப் போகம் எழுந்திருக்காது.

கிணற்று வேலைக்கு இந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிற ஆள் மோட்டார் ரூமுக்குள் போக மாட்டார். பூட்டும் பெட்டியும் தோட்டக்காரருடையவை. அதில் அவர் கை பட்டது என்ற பேச்சு பின்னால் வந்துவிடக் கூடாது. தோட்டக்காரர்தான் உள்ளே போய் மூன்று பியூஸ் கட்டைகளையும் உருவி எடுப்பார். இறங்குகிறவர் முதல் படியில் கால் வைக்கும் முன், "பியூஸ் எடுத்தாச்சா?" என்று கேட்பார். "எடுத்தாச்சு" என்று பதில் வரும். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. கரண்ட் இல்லாத நாளிலும் இதைக் கேட்காமல் சுருளிவேல் எந்தக் கிணற்றிலும் இறங்கியதில்லை.

அன்றும் கேட்டார். ஷரீப், "ம்" என்றார்.

சுருளிவேலுக்கு அது போதுமானதாக இருந்தது. ஷரீப் வீட்டு ஆட்களாக இருந்தால் அது போதாது என்று தெரிந்திருக்கும்.

ஷரீபின் போனிலிருந்து மோட்டாரை ஓட்டும் பெட்டி ஒன்றை இரண்டு வருடத்துக்கு முன்பு மோட்டார் ரூமில் மாட்டினார்கள். பெட்டிக்குள்ளேயே ஒரு சிம் கார்டு இருக்கும். கரண்ட் வந்ததும் பெட்டியே அவருக்குப் போன் செய்து சொல்லும். ஷரீப் எப்போதும் விட்டிருப்பது போல 'ஆட்டோ'வில் இருந்தால், மின்னழுத்தம் நிதானப்படும்வரை சற்றுப் பொறுத்து, தானாகவே மோட்டாரை ஓட்டிவிடும். அர்த்த ராத்திரியில் டார்ச்சோடு தோட்டத்துக்குப் போக வேண்டாமே என்று வாங்கியது. அன்றிலிருந்து போன் அவர் கையை விட்டு இறங்கவில்லை. மனைவி ரம்லத் ஏதாவது சொன்னால், "மோட்டாரே இதுலதான்டி இருக்கு" என்பார். மோட்டாருக்கு ஒரு விரல் அழுத்தினால் போதும். மற்ற நேரமெல்லாம் குட்டிக் குட்டி வீடியோக்கள். பாம்பு பிடிக்கிறவன், மலையாளக் காமெடி, அடுப்பில்லாமல் ஆடு சுடுகிறவன். ஒன்றைத் தள்ளினால் அடுத்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போது யார் எது கேட்டாலும் "ம்" என்று பதில் வரும். அது பதில் இல்லை என்று கண்டுபிடிக்க வீட்டுக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. கண்டுபிடித்த பிறகு அதை வைத்துப் பிழைக்கவும் கற்றுக்கொண்டார்கள். மகள் ஷர்மின் காலேஜ் டூருக்கு அனுமதி வாங்கியது அப்படித்தான். "அத்தா போன்ல இருக்காக. இப்பக் கேட்டாத்தான் உண்டு" என்று ரம்லத்தான் அவளை அனுப்பி வைத்தாள்.

மதியம் ரம்லத் போன் செய்தாள். ஷரீப் எடுத்தார். பின்னால் காற்று இரைச்சல் மட்டும் கேட்டது.

"சுருளிவேல் அண்ணே எறங்கிட்டாகளா?"

"ம்."

"பியூஸ எடுத்துக் கையில வச்சிருக்கீகளா?"

"ம்."

"மீன் ஆணத்துக்கு மாங்கா போடவா, வேணாமா?"

"ம்."

ரம்லத் கரண்டியை நிறுத்தினாள். "நா உங்கள விட்டுட்டுக் கேரளாப் பக்கம் போயிடட்டுமா?"

"ம். அப்பறம் பேசுறேன் புள்ள."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். மாங்காயைப் போட்டாள். கரண்ட் வரத்தான் ஐந்து மணி ஆகுமே என்று மனதுக்குள் இருந்தது.

சோறு ஆக்கி இறக்கி, கொல்லைப்புறம் துணி உலர்த்தி, கூடத்தில் வந்து அவள் உட்கார்ந்தபோது மணி இரண்டரை இருக்கும். தலைக்குமேல் மின்விசிறி ஒரு தரம் முனகிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

தெருவில் யாரோ, "வந்துருச்சு, சீக்கிரமே விட்டுட்டாங்கெ" என்று சந்தோஷமாகச் சொன்னது காதில் விழுந்தது. முகத்தில் காற்று பட்டது. நல்ல வெயிலுக்கு அது சுகமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் ரம்லத்துக்கு மாங்காய் நினைவு வந்தது. மாங்காய்க்குச் சொன்ன அதே "ம்"தான் பியூஸுக்கும்.

டவுனுக்கு முதலில் விடுவார்கள். அதன் பிறகு ஒவ்வொரு லைனாகத் தோட்டங்களுக்கு விடுவார்கள். சில நாள் உடனே, சில நாள் நேரம் கழித்து. அது இன்றைக்கு எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

ஷரீபுக்குப் போட்டாள். ஒரு முறை அடித்துத் துண்டிக்கப்பட்டது. மறுபடி போட்டாள். பாதி மணியிலேயே துண்டிக்கப்பட்டது. எடுக்காமல் விட்டால் ஆள் அங்கே இல்லை என்று நினைக்கலாம். வெட்டுவதென்றால் கட்டைவிரல் போனின்மேல்தான் இருக்கிறது. வீடியோவுக்கு நடுவில் அவள் பெயர் வந்து மறைக்கிறது. சாப்பாட்டுக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று அந்த விரல் தள்ளிவிடுகிறது.

சுருளிவேலின் எண்ணுக்குப் போட்டாள். முழுதாக அடித்து ஓய்ந்தது. அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குவார், போன் சட்டைப் பையில் இருக்கும். லைன்மேன் நம்பர் ஷரீபின் போனில்தான் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்க்கும் நாகஜோதியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, சொல்லுங்க."

"நாகஜோதி, எங்கன இருக்க? எங்க தோட்டத்துக்கு ஓடு. மோட்டார் ரூம்ல—"

"நா மலைக்கு ஏலக்கா எடுக்க வந்திருக்கேன். இன்னக்கி தோட்டத்துல ஒருத்தரும் இல்லையேக்கா. என்ன விசயம்?"

ரம்லத் போனை வைத்தாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். அடுப்பை அணைத்தோமா என்று வாசலில் ஒரு கணம் யோசித்தாள், அப்படியே கிளம்பிவிட்டாள்.

போனை முக்காட்டுக்குள் காதோடு செருகிக்கொண்டு, ஷரீபின் எண்ணை மறுபடி மறுபடி அடித்தபடி ஓட்டினாள். மார்க்கெட் தாண்டியதும் ரோடு குறுகலாகும். துண்டிக்கப்பட்டபோதெல்லாம் ஒரு கையை எடுத்து முக்காட்டுக்குள் விட்டுத் திரையைத் தடவினாள். வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் ஒன்று எதிரில் வந்ததை அதன் ஹாரன் காதைக் கிழித்த பிறகுதான் பார்த்தாள். ஸ்கூட்டர் மண்ணில் இறங்கி, வழுக்கி, வாய்க்கால் ஓரத்துக் கல்லில் முட்டி நின்றது.

டிராக்டர்காரர் எட்டிப் பார்த்தார். "ஆத்தா, வீட்டுல சொல்லிட்டு வந்தியா? போனப் பாக்குறதுன்னா ஓரமா நிப்பாட்டிட்டுப் பாரு."

அவள் போனை முக்காட்டிலிருந்து உருவி இருக்கைக்கு அடியில் போட்டு மூடினாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மறுபடி ரோட்டில் ஏறினாள்.

வழி நெடுக அவள் மின்கம்பிகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பார்த்து ஒன்றும் தெரியாது. கரண்ட் ஓடும் கம்பியும் ஓடாத கம்பியும் ஒரே மாதிரிதான் இருக்கும். சாலையோரத் தோட்டங்களில் எங்கேயாவது மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தாள். கேட்கவில்லை. அதுவரைக்கும் நல்லது.

தோட்டத்து வாசலில் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டுப் பந்தலுக்கு அடியில் நுழைந்து ஓடினாள். பச்சைக் கொத்துகள் தலையில் இடித்தன. பாதி தூரம் போயிருப்பாள். வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்துத் தோட்டத்துத் தொட்டியில், குழாய் இரண்டு தரம் காற்றாகச் செருமியது. மூன்றாவது தரம் தண்ணீரைக் கொட்டியது.

தோட்டத்து லைனுக்குக் கரண்ட் வந்துவிட்டது. பக்கத்து மோட்டார் தானாகவே ஓடுகிறது.

"ஏங்க!"

கிணற்றடி வேம்புக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஷரீப் உட்கார்ந்திருந்தார். இரண்டு காதிலும் இயர்போன். முதுகு இவள் பக்கம். தோள் குலுங்கியது, சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய கால் பக்கத்தில் சுருளிவேலின் சட்டை மடித்து வைத்திருந்தது. ரம்லத் நெருங்கும்போது அவர் போனில் அழைப்பு ஒன்று வந்து திரையை மறைத்தது. இவள் போன் ஸ்கூட்டரில் கிடக்கிறது. கூப்பிடுவது பெட்டி. கரண்ட் வந்துவிட்டது என்று சொல்லத்தான் அது கூப்பிடுகிறது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கட்டைவிரல் அதை மேலே தள்ளியது. வீடியோ திரும்ப ஓடியது.

அவரைத் தொட்டுக் கூப்பிட அவளுக்கு நேரமில்லை. தாண்டி ஓடினாள்.

மோட்டார் ரூம் கதவில் பூட்டு இல்லை, கொண்டி மட்டும். உள்ளே இருட்டு. பெட்டியில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, பலகையில், மூன்று பியூஸ் கட்டைகளும் மாட்டினது மாட்டினபடி வரிசையாக இருந்தன.

மெயின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். துரு. அசையவில்லை. மோட்டாரை ஓட்டப்போகும் அறிகுறியாகப் பச்சை விளக்கு வேகமாகச் சிமிட்ட ஆரம்பித்தது. இரண்டு கையாலும் தொங்கினாள், உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்தாள். கைப்பிடி ஒரே அடியாகக் கீழே வந்தது, அவளும் கூடவே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விளக்கு அணைந்தது.

மோட்டார் ஓடும் முன்பே அணைந்ததா, ஓடிய பிறகு அணைந்ததா? அவள் காதில் அவளுடைய மூச்சைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து மூன்று கட்டைகளையும் ஒன்றொன்றாகப் பிடுங்கி எடுத்தாள். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கிணற்று விளிம்புக்கு ஓடினாள்.

"அண்ணே! சுருளிவேல் அண்ணே!"

பதில் இல்லை. வெயிலில் நின்று பார்த்ததால் கிணற்றுக்குள் கண் தெரியவில்லை. கறுப்பாக ஏதோ ஒன்று கீழ்ப்படியில் குனிந்திருந்தது.

"அண்ணே!"

உள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. வாய் திறக்காத முனகல். ரம்லத் விளிம்புக் கல்லைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள். கண் மெதுவாகப் பழகியது. சுருளிவேல் படியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். முகத்தை மேலே தூக்கினார். வாயில் எதையோ கவ்வியிருந்தார். அதை எடுத்தார்.

"என்ன தங்கச்சி? சோறு கொண்டாந்தீகளா?"

"மேல வாங்க."

"இந்தா, ஒரு முடிச்சுதான். முடிச்சிட்டு—"

"மேல வாங்கண்ணே. அதக் கீழ போட்டுட்டு வாங்க."

குரலில் என்ன இருந்ததோ, அவர் மறுபேச்சில்லாமல் ஏறினார். மேலே வந்து நின்றதும் அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. நெஞ்சோடு அவள் அணைத்திருந்த மூன்று கட்டைகளைப் பார்த்தார். பக்கத்துத் தோட்டத்தில் கொட்டும் தண்ணீரைப் பார்த்தார்.

"இது எங்கன இருந்துச்சு?"

"உள்ளதான். மாட்டினபடி."

அதற்குள் ஷரீப் இயர்போனை இழுத்துவிட்டு எழுந்து வந்திருந்தார். "என்ன ரம்லத்து, நீ எங்கன இங்க? என்னாச்சு?"

பிறகு அவரும் கட்டைகளைப் பார்த்தார்.

"நா எடுத்தேனே" என்றார். "சாவிய எடுத்துக்கிட்டு உள்ள போனேன்ல. கதவச் சாத்துனது நல்லா ஞாபகம் இருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை என்பது ரம்லத்துக்குத் தெரிந்தது. அவர் கண் மோட்டார் ரூம் கதவுக்குப் போயிற்று. உள்ளே போனது, நின்றது, வெளியே வந்தது என்று ஒவ்வொன்றாகத் தேடினார். நடுவில் இருக்க வேண்டிய ஒன்று மட்டும் கிடைக்கவில்லை.

"லாரி டயர ஒருத்தன் ஒத்தக் கையாலயே கழட்டுறான்" என்றார், மெதுவாக. "அது ஓடிக்கிட்டிருந்துச்சு. முடியட்டும்னு நின்னேன்…"

போனை அவர் இன்னும் கையில்தான் வைத்திருந்தார்.

சுருளிவேல் வாயோரத்தைப் புறங்கையால் துடைத்தார். கறுப்பு ரப்பர் துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "ஒயர நா பல்லுல கடிச்சு உரிச்சுக்கிட்டிருந்தேன் பாய்."

தொட்டி விளிம்பில் போய் உட்கார்ந்தார். சட்டையை எடுத்துப் பீடிக்குத் தடவினார். போன்தான் முதலில் கையில் வந்தது. திரையைப் பார்த்தார்.

"தங்கச்சி, எனக்கும் அடிச்சிருக்கீக."

"ஆமாண்ணே."

"இதுவும் இங்கனதான கெடந்துச்சு. ஒங்க காலுக்குப் பக்கத்துல பாய்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பவர் போலச் சொன்னார். "ஒங்கள நா தெரியாதவருன்னா நெனச்சேன்? பதினஞ்சு வருசமா இந்தக் கெணத்துல எறங்குறேன். ம்-னு சொன்னீக. சரினு எறங்கிட்டேன்."

ஷரீப் அவர் தோளைத் தொடப் போனார். சுருளிவேல் சற்று நகர்ந்து உட்கார்ந்தார். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சாண் இருக்கும். ஷரீபின் கை நடுவிலேயே நின்றுவிட்டது.

பீடி முடிந்தது. அவர் சட்டையை மாட்டினார். போய்விடப் போகிறார் என்று ரம்லத் நினைத்தாள். போகட்டும் என்றும் நினைத்தாள். ஆனால் கிணற்றில் கேபிள் வெட்டிக் கிடந்தது. பந்தலில் கொத்துகள் தண்ணீருக்குக் காத்திருந்தன. இன்று போனால், இந்தக் கதை கேட்ட எந்த மெக்கானிக் இங்கே வருவான்? இருந்து முடித்துத் தாருங்கள் என்று கேட்க அவளுக்கு முகமில்லை.

சுருளிவேல் கிணற்றைப் பார்த்தார். போட்ட சட்டையை மறுபடி கழற்றினார்.

"வெட்டினத அப்படியே விட்டுட்டுப் போனா எனக்கு ராத்திரித் தூக்கம் வராது. முடிச்சுத் தாரேன். ஆனா ஒண்ணு. நீங்க மோட்டார் ரூம் வாசல்ல ஒக்காரணும் தங்கச்சி. கட்டைய மடியில வச்சுக்கிட்டு. எந்திரிக்கக் கூடாது."

"எந்திரிக்க மாட்டேண்ணே."

"பாய் தோட்டத்த விட்டு வெளிய நிக்கட்டும்."

ஷரீபுக்கு முகம் சிவந்தது. "என்னய்யா பேசுற. தெரியாம நடந்துபோச்சு. என் தோட்டத்துல என்னையவே—"

"ஒங்க தோட்டந்தான், நா இல்லன்னா சொன்னேன்? உசுரு என்னோடதாச்சே."

"இனிமே போனத் தொடல. இந்தா பாரு, பையில வச்சுட்டேன். நானே ஒக்காந்து பாத்துக்குறேன்."

சுருளிவேல் ரம்லத்தைப் பார்த்தார். முடிவை அவளிடம் விட்டுவிட்டார் என்று தெரிந்தது. ஷரீபும் அவளைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் அவளோடு வாழ்ந்தவர். வெளியாள் முன்னால் அவள் அவரை ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை.

"வெளிய நில்லுங்க" என்றாள்.

"ரம்லத்து…"

"வாசலுக்கு அங்கிட்டுப் போயி நில்லுங்க. முடிஞ்சதும் நானே கூப்புடுறேன்."

அவர் பந்தலுக்கு அடியில் நடந்து போனார். ரம்லத் கதவோரம் உட்கார்ந்து கட்டைகளை மடியில் வைத்து, அவற்றின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். சுருளிவேல் படியில் இறங்கும் சத்தம் கேட்டது. கால் ஒவ்வொரு படியாகத் தேடித் தேடி இறங்கியது.

நேராகப் பார்த்தால் பந்தல் கால்களுக்கு இடையில் வாசல் தெரிந்தது. ஷரீப் வெளியே, ஸ்கூட்டருக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டி நின்றிருந்தார். தலை குனிந்திருந்தது. தோளும் முன்னால் வளைந்திருந்தது. அழுகிறாரா, தரையைப் பார்த்து நிற்கிறாரா, கையில் எதையாவது வைத்திருக்கிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை. ஒரு கொத்து குறுக்கே மறைத்தது. ரம்லத் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். அப்போதும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள்.

"தங்கச்சி…"

கிணற்றுக்குள்ளிருந்து சுருளிவேல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இதற்கு முன்பும் கூப்பிட்டிருக்க வேண்டும். குரல் ஏறியிருந்தது.

அவள் சட்டென்று வாசலிலிருந்து பார்வையை எடுத்துக் கிணற்றுப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இருக்கேண்ணே. மூணும் என் கையில இருக்கு. சொல்லுங்க."